முட்டுவலிப் பத்தியம்

"இன்னைக்கு எந்தக் கால்?" என்று கேட்டாள் சந்தனம்மாள்.

தட்டில் கேப்பைக் களியை வைத்து, நடுவில் குழி பண்ணி, கீரைக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இடது" என்றேன். முழங்காலைத் தடவியும் காட்டினேன்.

"ம்" என்றபடி தன் தட்டோடு எதிரே உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்ததும் தபால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்று மாலை அவள் ஏறிய ஷேர் ஆட்டோ சின்னமனூர் சாலையில் கவிழ்ந்தது.

எனக்கு முட்டுவலி வந்ததே இல்லை.

நோய் அவளுக்குத்தான். அதற்கு மூன்று வருடம் முன்பு கைவிரல் மூட்டுகள் எல்லாம் வீங்கின. காலையில் சொம்பைப் பிடிக்க முடியாது. பிறகு பேச்சு குறைந்தது. அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்தவள், அடுப்படி வேலைக்குத் தவிர பகலிலும் எழவில்லை.

தேனியில் டாக்டர் மாத்திரை கொடுத்தார். உடம்புக்குள் வீக்கம் இருந்தால் மனசும் சேர்ந்து சோர்ந்துபோகும் என்றார். சீனி, மைதா, எண்ணெயில் பொரித்தது எல்லாம் குறைக்க வேண்டும். கேப்பை, கம்பு, கீரை, மஞ்சள், மிளகு, மத்தி மீன். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தனியாகச் சாப்பிடக் கூடாது.

டாக்டருக்கு எங்கள் வீட்டைத் தெரியாது. சந்தனம்மாள் தனக்கென்று ஒருநாளும் அடுப்பு மூட்டியவள் இல்லை. எனக்கு இட்லியை அவித்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். மிச்சம் இருந்தால் மூன்று மணிக்கு நின்றபடியே தின்பாள். சில நாள் அதுவும் கிடையாது.

"எனக்குன்னு தனியா உலை வைக்க நான் என்ன ஜமீன் வீட்டுக்காரியா?" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

மூன்றாவது வாரம், வாசலில் நுழையும்போதே நொண்டினேன்.

"எனக்கும் முட்டு வீங்குது. டாக்டர் அதே பத்தியத்தத்தான் சொல்றாரு."

மறுநாள் காலையில் கேப்பை மாவு கிண்டும் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். புருஷனுக்கு என்றால் எழுந்துவிடுவாள்.

அதோடு விட்டிருக்கலாம். "ஒத்தையில தின்னா வீக்கம் கூடுமாம். கூட ஒரு ஆளு உக்காந்து அதையே தின்னணுமாம்" என்று வேறு சொல்லிவைத்தேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இன்னொரு தட்டை எடுத்தாள்.

ஒரே சிக்கல், நான் ஓடைப்பட்டி தபால்காரன். பகல் முழுக்கத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் மிதிக்கிறவன். அதனால் எங்கள் தெருமுனையில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டிப் போவேன்.

முனை டீக்கடைக் கோட்டைச்சாமி முதல் நாளே பிடித்துவிட்டார்.

"என்ன போஸ்ட்மேன், சைக்கிள் பஞ்சரா?"

"இல்லண்ணே."

"பஞ்சர்னாலும் சைக்கிள்தான நொண்டணும். நீ ஏன்யா நொண்டுற?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

ஒரு மாதம் கழித்து மீன்காரனோடு சண்டை போட்டாள். மத்தியின் கண் சிவந்திருக்கிறதாம். மாதக்கணக்கில் கேட்காத அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உள்ளே சும்மா நின்றிருந்தேன். மெல்ல விரல்கள் சொம்பைச் சுற்றி மடங்கின. அறுப்புக் காலத்தில் திராட்சை அடுக்கப் போனாள். ஊர் வம்பையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வந்து என் தட்டுக்கு எதிரே அவிழ்த்தாள்.

மாத்திரையோ களியோ, தெரியாது. நான் சொன்ன பொய்தான் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

சந்தனம்மாளின் பதினாறாம் நாள் கருமாதி முடிந்து எல்லாரும் போனபின், அவள் தங்கை சோணையம்மாள் எனக்கு இலை போட்டு வடை வைத்தாள். பழக்கத்தில், "வேணாம்த்தா, முட்டு" என்றேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"மச்சான், அக்காவுக்கு மொத வாரமே தெரியும். முனையில எறங்கித்தான் நொண்டுறீகன்னு ஊரே வந்து சொல்லிட்டாக. டீக்கடை அண்ணன்தான் மொத ஆளு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

சோணையம்மாள் சிரிப்பை நிறுத்தினாள்.

"அக்கா படுத்ததுல இருந்து, அவிச்சு வச்ச இட்லியக்கூடத் தொடாம நீங்க டீயும் பன்னுமாத்தான் இருந்தீகளாம். கெணத்தடியில போயி உக்காந்தா, கூப்பிட்டாலும் காது கேக்காதாம். 'சாப்பிடச் சொன்னா சாப்பிடமாட்டாக. தனக்கு முட்டுவலின்னு பொய் சொல்லியாவது சாப்பிடுறாக. கூட உக்காந்து தின்னுட்டுப் போறேன், யாரும் போயிக் கேட்டுக் கெடுத்துறாதீக'ன்னு ஊரு பூராம் சொல்லி வச்சிருந்துச்சு."

நான் கிணற்றடியில் உட்கார்ந்திருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

ஆனால் அந்த வருடம் காக்கிக் கால்சட்டை இடுப்பில் நிற்காமல், ஆணியால் பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை போட்டது நினைவுக்கு வந்தது. அடுத்த பொங்கலுக்குள் பழைய துளைக்கே திரும்பிவிட்டேன். எப்படி என்று அப்போது யோசிக்கவில்லை.

அன்று இரண்டு வடை தின்றேன். மறுநாள் காலை நானே கேப்பை மாவு கிண்டினேன். கட்டி தட்டிப்போனது. சோணையம்மாள் எதிரே உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் தின்றாள்.

அவள் ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. களியில் இப்போதெல்லாம் கட்டி விழுவதில்லை. ஒரு மணிக்குக் கோட்டைச்சாமி கடையைச் சாத்திவிட்டு, தன் தூக்குச்சட்டியோடு வந்துவிடுகிறார்.

பெல்ட் அதே பழைய துளையில்தான் நிற்கிறது.