காயாத மரம்

"இன்னிக்காவது பெயிண்ட் அடிப்பியா, மாட்டியா?"

மேனேஜர் ஏகாம்பரநாதனின் குரல் அந்த ஒரகடம் ஃபேக்டரியின் கேட் வரைக்கும் கேட்டது.

பெயிண்டர் சாம்சன், தோட்டத்தில் புதிதாகப் போட்டிருந்த மரப்பந்தலின் தூணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினார். சொட்டு உள்ளே இறங்காமல் அப்படியே நின்றது.

"கரையான் அரிக்காம இருக்க மருந்துத் தண்ணிய பிரஷர்ல ஏத்தின மரம் சார் இது. இன்னும் ஈரம் கீது. இப்ப அடிச்சா பெயிண்ட் உரிஞ்சிக்கினு வந்துடும்."

"ஒரு மாசமா இதையேதான்யா சொல்ற."

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த வினோதினிக்கு ஒன்றும் புரியவில்லை. தார் ரோடே இளகுகிற வெயில். இதில் காயாத மரமா? இந்த ஆள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாரோ?

மறுநாள் காலை முதல் ஷிப்ட் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். பந்தலருகே ஒருவர் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு தூண்களை நனைத்துக்கொண்டிருந்தார்.

சாம்சன் இல்லை. மேனேஜர்.

அவளுக்குச் சுருக்கென்றது. காயவிடாமல் செய்வதும் இவர், நாலு பேர் முன்னால் அந்த மனுஷனைத் திட்டுவதும் இவரா?

மனசு கேட்கவில்லை. மதியம் நேராக அவர் அறைக்கே போய்விட்டாள்.

"காலைல நீங்க தூண்ல தண்ணி ஊத்தினதைப் பார்த்தேன். ஏன் சார்?"

அவர் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். பந்தல் நிழலில் கான்ட்ராக்ட் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கேண்டீன்ல இவங்களுக்கு இடமில்ல. போன மாசம் வரைக்கும் காம்பவுண்டு சுவரோரம் வெயில்ல உக்காந்து சாப்பிட்டாங்க. பெயிண்ட் அடிச்சு முடிச்சா உடனே திறப்பு விழா. அப்புறம் பந்தல் விசிட்டர்ஸுக்கு மட்டும்னு ஹெட் ஆபீஸ் சொல்லிட்டாங்க. இவங்களுக்கு ஒரு ஷெட் கேட்டிருக்கேன். அது வர்ற வரைக்கும் மரம் காயக் கூடாதும்மா."

வினோதினி ஜன்னலிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"அதுக்காக அந்த சாம்சன் தினமும் திட்டு வாங்கணுமா சார்?"

"தண்ணி ஊத்துற யோசனையே அவரோடதும்மா. திட்டு மட்டும்தான் என்னோடது."