இரண்டு மணிக்கு நிற்கும் மோட்டார்

"மோட்டாரைக் காப்பாத்தத்தானே புது எலெக்ட்ரானிக் ரிலே மாட்டினோம்? தினமும் சரியா ரெண்டு மணிக்கு ஏன்யா மோட்டாரை நிறுத்துது?" என்று கத்தினார், புதிதாக வந்த சூப்பர்வைசர்.

"லோடு ஜாஸ்தி சார்," என்றான் எலெக்ட்ரீஷியன், பச்சைப்பிள்ளை முகத்தோடு.

ரீசெட் பட்டனை ஒரு தட்டு தட்டினால் முடிகிற வேலையை அவன் இருபது நிமிடம் இழுப்பான். இரண்டு மணிக்கு ஆபரேட்டர் பெண்ணின் ஷிப்ட் முடிந்து, அவனுடைய ஷிப்ட் தொடங்கும். ஆனால் நின்ற மோட்டார் மறுபடி ஓடும்வரை, ஷிப்ட் முடிந்தாலும் அவள் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது விதி. நாள் முழுக்க அவன் ஏங்குவது அந்த இருபது நிமிடத்துக்குத்தான். மோட்டார் ஏன் நிற்கிறது என்று அவன் ஒருநாளும் ஆராய்ந்ததில்லை. வரத்தைப் போய் யாராவது கேள்வி கேட்பார்களா?

சூப்பர்வைசர் ரிலேயின் பதிவுகளைத் தட்டிப் பார்த்தார். "லோடும் இல்லை, மண்ணும் இல்லை. தினமும் யாரோ ரிலேயோட டெஸ்ட் பட்டனை அமுக்கி நிறுத்தியிருக்காங்க!"

"நான்தான் சார்," என்றாள் ஆபரேட்டர்.

எலெக்ட்ரீஷியன் வாயைப் பிளந்தான்.

"எதுக்கு, இவன்கிட்ட நின்னு பல்லைக் காட்டவா? உன் புருஷனுக்குத் தெரிஞ்சா என்னம்மா ஆகும்?"

"இப்பத்தான் தெரிஞ்சிருக்கு சார்," என்று அவள் எலெக்ட்ரீஷியனைப் பார்த்தாள். "நான் வேலைக்குக் கிளம்பறப்ப இவரு தூங்கறாரு, இவரு வீட்டுக்கு வர்றப்ப நான் தூங்கிடறேன். முழிச்சிருக்கற மூஞ்சியைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசணும்னு தோணாதா சார்?"