அம்பாசடரின் நாற்காலி

“ஒரே ஒரு கண்டிஷனுங்க. இனிமே நீங்க ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

மூணாறு பக்கம் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தின் அந்தச் சின்ன வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். வடகரப்பதியில் தென்னந்தோப்பு, கோயமுத்தூரில் மில், போதாததற்குச் சொந்தமாக ஒரு கார் ராலி டீம். அப்பேர்ப்பட்ட மனிதர் தன்னைத் தேடி மலையேறி வந்ததிலேயே முனீஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை.

“அப்போ எனக்கு என்ன வேல சார்?”

“எங்க டீமுக்கு பிராண்ட் அம்பாசடருங்க. எந்த ஊர்ல ராலி நடந்தாலும் வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி நீங்க அங்க இருக்கோணும். ஒண்ணுகூட விடப்படாது. எங்க ஊட்டு ஹால்ல உங்க பழைய ராலி வண்டி போட்டோவைப் பெருசா மாட்டி வெச்சிருக்கேனுங்க. கண்ணாடியில உங்க பேரு பளிச்சுனு தெரியும். உங்களை விட்டா எனக்கு வேற ஆளே இல்லீங்க.”

“டிரைவருங்கள செலக்ட் பண்றது, மேனேஜர் வேல…”

“அதெல்லாம் போகப் போகப் பாத்துக்கலாமுங்க. மொதல்ல உடம்பைப் பாருங்க. தண்ணி, பீடி எல்லாம் ஆகாது. ஒரு செக்கப்பும் பண்ணிக்கோணும். டீம் ரூலுங்க.”

மேனேஜர் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முனீஸ்வரன் ஏங்கிக் கிடந்தான். அவனோடு ராலி ஓட்டி அவனிடம் தோற்றவர்கள் எல்லாம், ஓய்வு பெற்றதும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டீம் மேனேஜர்களாக உட்கார்ந்துவிட்டார்கள். லயத்தில் பிறந்தவனை, இங்கிலீஷ் வராதவனை ஒருவரும் கூப்பிடவில்லை. ஜெயித்தவன் மூணாறில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவர் போனதும் மனைவி சிவசங்கரி பிடித்துக்கொண்டாள்.

“திரும்பவும் அந்தக் கருமத்துக்கா போறீக? வண்டி உருண்டு நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, உங்க ரத்தம் பாம்பே குரூப்பாம், பாம்பே! அந்த ரத்தம் கோட்டயத்துல இல்ல, மதுரையில இல்ல, கோயமுத்தூர்லயும் இல்ல. பெங்களூர்லேருந்து ஒரு புண்ணியவான் வந்து குடுக்கலேன்னா இன்னிக்கு நான் தாலியறுத்தவ.”

“நான் ஓட்டவா போறேன்? ஓட்டக்கூடாதுங்கிறதுதான்ட்டி கண்டிஷனே!”

மறுவாரம் ஈஸ்வரமூர்த்தி வீட்டிலிருந்து பேரீச்சம்பழமும் மாதுளையும் கூடை கூடையாக வந்து இறங்கியபோது அவளும் அடங்கிப்போனாள். “நம்ம சொந்தக்காரன் ஒருத்தன் இப்பிடிப் பாத்திருப்பானா?” என்று அவளே வியந்தாள். முனீஸ்வரன் ஜீப்பை விற்றுவிட்டான்.

முதல் ராலி சொந்த மலையிலேயே அமைந்தது. தேயிலைக் காட்டுக்குள் போகும் அந்த மண்பாதையை அவன் முந்தின நாளே நடந்து பார்த்திருந்தான். வண்டி ஓட்டுவது ஈஸ்வரமூர்த்தியின் ஒரே மகன் கவின். புத்தம்புது வண்டி, கண்ணாடியில் ஸ்டிக்கர்கூட இன்னும் ஒட்டவில்லை.

“தம்பி, ஃபேக்டரிக்குக் கீழ ஒரு வளைவு வரும். ஓடைத் தண்ணி கசிஞ்சு சகதியா கெடக்கு. பிரேக்கை முன்னாடியே புடிச்சிரணும்.”

“எல்லாம் ரூட் நோட்ஸ்ல இருக்குதுங்க அங்கிள்” என்ற கவின், போனிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முனீஸ்வரன் நேரே ஈஸ்வரமூர்த்தியிடம் போனான். “ஒரு வாக்கிடாக்கி குடுங்க சார். வளைவுல நின்னு சொல்றேன்.”

“அதெல்லாம் பசங்க பாத்துக்குவாங்க. ஆம்புலன்ஸுக்குப் பக்கத்துல நெழலா உங்களுக்குச் சேர் போட்டிருக்குது பாருங்க. அங்க உக்காருங்க. காலைல சாப்ட்டீங்களா?”

விடிந்ததிலிருந்து அவர் அக்கறையாகக் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். கொடியசைக்க ஒரு சீரியல் நடிகையைக் கூட்டி வந்திருந்தார்கள். மேடையில் அவன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. முனீஸ்வரன் கழுத்தில் தொங்கிய ‘அம்பாசடர்’ அட்டையைக் கழற்றி நீட்டினான்.

“இந்தப் பொம்ம வேல எனக்கு வேண்டாம் சார். நான் வீட்டுக்குப் போறேன்.”

ஈஸ்வரமூர்த்தியின் முகத்தில் ஈயாடவில்லை. மில்லையே அதட்டி ஆளும் மனிதர், எல்லோரும் பார்க்க அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“அப்படிச் சொல்லீராதீங்க முனீஸ். நீங்க இங்க இல்லீன்னா என்ற பையனை வண்டியில ஏறவே உடமாட்டேனுங்க. எனக்குத் தைரியமே நீங்கதான்.”

அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு முதலாளியும் முனீஸ்வரனிடம் இப்படிப் பேசியதில்லை. மேனேஜர் வேலை இன்று இல்லாவிட்டால் நாளை வரட்டும். நம் அருமை தெரிந்த ஒருவராவது இருக்கிறாரே, அது போதும். அட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு ஆம்புலன்ஸ் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

எதிரே மெக்கானிக் ஜோமோன் வண்டியின் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். ஓட்டுகிறவனின் பெயரும் அதற்குக் கீழே ரத்த வகையும், எல்லா ராலி வண்டிகளிலும் இருப்பதுதான். முனீஸ்வரனுடைய பழைய வண்டியிலும் இருந்தது. ஜோமோன் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு நகர்ந்தான்.

‘கவின்’ என்ற பெயருக்குக் கீழே, சிவப்பெழுத்தில், சிவசங்கரி ஊர் ஊராக அலைந்தும் கிடைக்காத அதே ‘பாம்பே குரூப்’.

“முனீஸ், வண்டி கிளம்பப் போகுது. இந்த மாதுளம் ஜூஸையும் குடிச்சிருங்க” என்று டம்ளரோடு வந்து நின்றார் ஈஸ்வரமூர்த்தி.