சுவர் தாண்டிய வாழைப்பழம்

“கொட்டு. அவ கண்ணு முன்னாடியே கொட்டு!”

பழ மண்டிக்காரர் கை காட்டியதும், டிராக்டர்காரர் அழுகிய வாழைப்பழக் கூடைகளைக் குடோன் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் கவிழ்த்தார். அது மண்டிக்காரரின் இறந்துபோன தம்பியின் வீட்டுக் கொல்லை.

தம்பி மனைவி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். “மாமா, வேற எதை வேணா கொட்டுங்க, வாழைப்பழமும் சாணியும் மட்டும் வேண்டாம் மாமா! குடலைப் புரட்டுது!”

“பாவமா இருக்குங்க,” என்றார் டிராக்டர்காரர்.

“பாவம் பார்க்கறதுன்னா அவ வீட்டுக்கே போய் வண்டி ஓட்டு.”

மண்டிக்காரருக்கு வயிறு குளிர்ந்தது. குடோனை நீட்டிக் கட்ட அந்த வீட்டைக் கேட்டார்; தர மாட்டேன் என்று கோர்ட்டு வரை போய் ஜெயித்துவிட்டாள். “சட்டம் விரட்டலேன்னா நாத்தம் விரட்டும். ஆறே மாசம், சாவியோட வந்து நிப்பா பாரு.”

குடோனை ஒட்டிய அவர் வீட்டில் மனைவியும் அவர் கட்சிதான். காலைக் காப்பியை நீட்டும்போதே, “இன்னிக்குக் கொட்டியாச்சா?” என்று கேட்டுவிடுவாள்.

ஒருநாள் அழுகல் எலுமிச்சையைக் கொட்டிப் பார்த்தார். தம்பி மனைவி வாயே திறக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

“இதுக்கு அசர மாட்டேங்குறா. இனிமே வாழைப்பழமும் மாட்டுச் சாணியும்தான்!”

ஆறாம் மாதம், கிரயப் பத்திரத்தோடு அவள் வீட்டுப் படியேறினார். நாற்றமே இல்லை. அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. நீல நெருப்பு; பக்கத்தில் சிலிண்டரைக் காணோம். அடுப்பிலிருந்து கிளம்பிய குழாய் ஜன்னல் வழியே கொல்லைக்குப் போய், மூடி போட்ட தொட்டி ஒன்றில் முடிந்தது.

“சாணியும் பழமும் உள்ள போனா கேஸ் வருது மாமா. எலுமிச்சை விழுந்தாத்தான் தொட்டி புளிச்சு, கேஸ் நின்னுடும்,” என்றாள் அவள், பாலைக் கிளறிக்கொண்டே. “நான் கத்தினாத்தானே நீங்க கொட்டுவீங்க?”

மண்டிக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. “இனி ஒரு பழம், ஒரு பிடி சாணி இந்தப் பக்கம் விழாது! ஈர விறகை ஊதி ஊதியே நீ சாகணும்!”

அவள் நிதானமாக அடுப்பை அணைத்தாள்.

“நிறுத்துங்க மாமா. ஆனா உங்க வீட்டு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவங்க அடுப்பும் இதுலதான் எரியுது.”