ஐஸ் பெட்டி

விரல் உடைந்த சத்தம் இருவருக்குமே கேட்டது.

டாஸ் போட இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

அணியே அண்ணன் என்று கூப்பிடும் விக்கெட் கீப்பர் கையுறையைக் கழற்றிப் பார்த்தார். வலது மோதிர விரல் வேறு திசையில் போயிருந்தது. அவருடைய விரல்களில் நேராக இருந்தவையே குறைவு. அதிலும் ஒன்று குறைந்தது.

பந்தை எறிந்தவன் தண்ணி.

அது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அவன் அணியின் மாற்று விக்கெட் கீப்பர். ஆறு வருடமாக எல்லைக்கோட்டுக்கு வெளியே பாட்டில்களோடு உட்கார்ந்திருந்ததில் கிடைத்த பட்டம். மற்றபடி அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது.

பேட்ஸ்மேனுக்குக் காய்ச்சல் வந்தால் நாலைந்து பேருக்கு ஆசை வரும். கீப்பருக்கு விரல் உடைந்தால் ஒருவனுக்குத்தான். அண்ணனுக்கும் உடையாமல் இல்லை. உடைந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை எப்போது ஆடுவார் என்று கேட்பதைத் தண்ணியின் மாமனார் நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்து தண்ணீர் இடைவேளைக்காகக் காத்திருப்பாள். மகன் தெரிவது அப்போதுதான். இதைச் சொல்லி அணியே அவனைக் கேலி செய்யும்.

"எனக்கு ஆடினது போதும்டா," என்றார் அண்ணன். "கோச்கிட்ட சொல்லிடறேன். இன்னிக்கு நீ போய் நில்லு."

தண்ணி ஆறு வருடமாகக் காத்திருந்த வார்த்தை.

"வேணாம்ணே. நீங்களே ஆடுங்க."

அண்ணன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

தண்ணி உடைந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றினான். பல்லால் கடித்துக் கிழித்தான்.

பயிற்சி ஏன் பாதியில் நின்றது என்று பார்க்க கோச் வந்தார். அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை. கீப்பரிடம் விரலைப் பற்றிக் கேட்பது வீண் வேலை என்று அவருக்குத் தெரியும். தண்ணியிடம்தான் கேட்டார், அண்ணன் விரல் எப்படி இருக்கிறது என்று. உண்மையைச் சொன்னால் லாபம் அடையப்போகிறவன் அவன் ஒருவன்தான்.

நன்றாக இருக்கிறது என்றான் தண்ணி.

கோச் அவன் தோளைத் தட்டினார். இப்படி ஒருத்தன் கிடைக்க அணி கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாராட்டு கேட்டு அல்ல.

நேற்று மாலை ஐஸ் பெட்டியை உள்ளே வைக்கும்போது அதன் மூடி அவன் இடது கையில் விழுந்திருந்தது. நடுவிரல் இரவெல்லாம் வீங்கி, காலையில் மடக்கவே முடியவில்லை. சொன்னால் வேறொருவனை வரவழைத்துவிடுவார்கள். விரல் உடைந்த கீப்பரையாவது வைத்துக்கொள்வார்கள். விரல் உடைந்த மாற்றுக் கீப்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

அதனால் வாயைத் திறக்கவில்லை. இன்று காலை பந்து பிடிக்கும் முறை அவனுக்கு வந்தபோதும், நீங்களே இன்னும் கொஞ்சம் பிடிங்கண்ணே என்று எறிந்துகொண்டே இருந்தான். அப்படி எறிந்த பந்துதான் அண்ணன் விரலை உடைத்தது.

அண்ணன் டேப்பின் முனையைத் திருப்பிப் பார்த்தார். பல் பதிந்திருந்தது. தண்ணியின் இடது கை இன்னும் கால்சட்டைப் பைக்குள்தான் இருந்தது.

அண்ணன் கையுறைகளை மாட்டினார். வலது கையை நுழைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

நாலடி போய்விட்டுத் திரும்பினார்.

"ஐஸ் பெட்டிய இன்னிக்கு வேற யாராவது தூக்கட்டும். நீ ஒரே ஒரு பாட்டில் எடுத்துட்டு வா. அம்மா தேடுவாங்க."