அரை மணித்தியாலக் குரல்

மருத்துவக் கருவிகள் செய்யும் பொறியியலாளன் றிகாஸின் வெள்ளவத்தை அலுவலகத்துக்குச் சாம்பவி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். புற்றுநோய் முற்றிய அவள் கணவன் கஜரூபனின் குரல்வளையை நாளைக்கு அகற்றப் போகிறார்கள். இப்போதே அவனுக்குப் பேச்சு அடைத்துவிட்டது.

"பழைய பதிவு அரை மணித்தியாலம் இருந்தா, அவர்ட சொந்தக் குரல்லயே மெஷினைக் கதைக்க வைக்கலாம், மிஸ்," என்று றிகாஸ் முன்பே சொல்லியிருந்தான்.

கலியாண வீடியோவில் நாதஸ்வரம்தான் கேட்டது. கனடாவிலிருக்கும் சொந்தங்களிடமும் ஒன்றுமில்லை. மூன்று நாள் தேடி ஓய்ந்த பிறகுதான் அவள் ஒரு பென்டிரைவை எடுத்து வந்திருந்தாள்.

"என்ன கதைச்சிருந்தாலும் பரவாயில்லையோ, தம்பி?"

"சத்தம் தெளிவா இருந்தாச் சரி, மிஸ்."

பென்டிரைவைக் கணினியில் செருகி, ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக் கேட்ட றிகாஸின் முகம் மாறியது. "எல்லாம் அவர் உங்கள ஏசினதுதானே?"

"ஓம். ஒளிச்சுப் பதிஞ்சனான்," என்றாள் தலை குனிந்தபடி. "விவாகரத்து வழக்குக்கு."

"பிறகு ஏன் இந்தக் குரல்?"

"பிரியிறது நான்தான், மகள் இல்ல. அவர் கதை சொன்னாத்தான் மகளுக்கு நித்திரை வரும்." சாம்பவி உடைந்து அழுதாள். "இதிலயிருந்து அன்பாக் கதைக்கிற குரல் எடுக்க ஏலுமோ, தம்பி?"