கேக்கில் செய்த கப்பல்

கத்தியில் ரிப்பன் கட்டி அவள் கையில் கொடுத்தார்கள்.

எதிரே மேசை நீளத்துக்குக் கப்பல் நின்றது. சாம்பல் நிற கிரீமில் செய்த போர்க்கப்பல். பீரங்கி இருந்தது. கொடி இருந்தது. சுற்றிலும் நீல ஜெல்லியில் கடல். மேல்தளத்தில் சர்க்கரை மாலுமிகள் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள்.

பக்கவாட்டில் ஓர் ஓட்டை. அதிலிருந்து சிவப்பாக ஜாம் வழிந்தது.

எதிரியின் குண்டு பட்ட இடமாம்.

சே!

மேடையில் பேனர். ‘பொன்விழா’ என்று தங்க நிறத்தில் கொட்டை எழுத்து. கப்பல் மூழ்கியதற்குப் பொன்விழா கொண்டாடுகிறார்கள். எழுதியவனுக்கும் உறைக்கவில்லை, தொங்கவிட்டவனுக்கும் உறைக்கவில்லை.

அந்தக் கப்பலைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள்கூடப் பாடமாகப் படிக்கிறார்கள். அதன் என்ஜின் அறையில் வேலை பார்த்த தஸ்நேவிஸைத்தான் யாருக்கும் தெரியாது.

அவள் புருஷன்.

தந்தி வந்தது. உடல் வரவில்லை.

கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவத்தி ஏற்றும். அவள் மாமியாரின் கல்லறையில் அவனுக்கும் சேர்த்து ஒன்று ஏற்றுவாள். குழிக்குள் ஆளுக்கொரு பிடி மண் போடுவார்களே, யார் யாருக்கோ போட்டிருக்கிறாள். அவனுக்குப் போட வாய்க்கவில்லை. அதுதான் இத்தனை காலமும் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

இந்த வருஷம் விழா நடத்தும் சங்கத்துக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். இறந்தவர்களின் குடும்பத்தாரைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போவார்களாம். மலர் தூவலாமாம்.

கப்பல் மூழ்கியது வேறு கடலில். இருக்கட்டுமே. தண்ணீர் ஒன்றுதானே.

மாமியார் கல்லறையோரம் ஒரு பிடி மண் அள்ளினாள். கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

படகில் ஏறியது யார்? சங்கத் தலைவர். தலைவரின் சம்சாரம். சம்சாரத்தின் தங்கை. கேமராக்காரர்கள். அதோடு இடம் நிறைந்துவிட்டது.

குடும்பத்தாரை மண்டபத்தில் உட்காரவைத்துப் பாதாம் பால் கொடுத்தார்கள்.

திரும்பி வந்த தங்கைக்குக் குமட்டலாம். எலுமிச்சம்பழம் வாங்க ஆள் ஓடியது.

என்ன ஜென்மங்களோ!

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் நாசரேத்துக்காரர் ஒருவர். அதே கப்பலில் அண்ணனைப் பறிகொடுத்தவர். அதை மட்டும் சொன்னார். பாதாம் பாலைத் தொடவில்லை.

“அம்மா இப்ப கேக் வெட்டுவாங்க. எல்லாரும் ஜோரா கை தட்டுங்க!” மைக் அலறியது.

தட்டினார்கள்.

தலைவர் அவள் கையைப் பிடித்துக் கத்தியை இறக்கினார். கப்பல் பொதுக்கென்று உள்வாங்கியது. ஜாம் விரலில் பட்டது. புடவையில் துடைத்தாள். போகவில்லை. மறுபடியும் துடைத்தாள்.

தங்கைக்குக் குமட்டல் சரியாகிவிட்டது போலிருக்கிறது. ஒரு சர்க்கரை மாலுமியைப் பிடுங்கித் தலையைக் கடித்தாள். கடக் என்றது.

தலைவர் கப்பலின் அடிப்பகுதியில் ஒரு துண்டு எடுத்தார். கேமராவைப் பார்த்துக்கொண்டே அவள் வாயருகில் நீட்டினார்.

“சாப்பிடுங்கம்மா. முட்டை போடாதது.”

அடிப்பகுதி.

என்ஜின் அறை அங்கேதான் இருக்கும் என்று அவன் சொல்லியிருக்கிறான். ஒரே சூடு, வேர்த்துக் கொட்டும் என்பான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கத்தியை மேசையில் வைத்தாள். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் இழுத்து அவிழ்த்தாள்.

ஒரு பிடி அள்ளிக் கப்பலின் மேல் போட்டாள்.

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

“ஐயையோ, கேக்கு!” என்றார் தலைவர்.

கிரீமில் விழுந்த மண் அப்படியே ஒட்டிக்கொண்டது. நீலக் கடலிலும் கொஞ்சம் விழுந்தது. மென்றுகொண்டிருந்தவர்கள் தட்டில் துப்பினார்கள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

துப்பட்டும். இத்தனை நேரமும் எப்படித்தான் இறங்கியதோ!

கைக்குட்டையில் துளி மண் ஒட்டியிருந்தது. அதை உதறப் போனாள்.

“உதறிராதீய யக்கா.”

நாசரேத்துக்காரர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

உள்ளங்கையை நீட்டினார்.